தேவதை வீடும் ஒன்பதாம் நம்பர் ஷூவும்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பது செக்கரின் பழக்கம். டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மளிகைக்கடையில் மீதிச் சில்லறையோடு ஒரு மிட்டாயைக் கொடுத்தாலும் திருப்புவார். டீ டம்ளரைச் சற்று உயர்த்தி அடியைப் பார்த்துவிட்டுத்தான் உதட்டில் வைப்பார். வலது கட்டைவிரல் விளிம்போடு ஒருமுறை ஓடும். ஆள்காட்டி விரல் மேலே லேசாக ஒரு தட்டு தட்டும். பிறகு மணிக்கட்டு மட்டும் திரும்பும், முழங்கை அசையாது. அந்த நேரத்தில் கண் பொருளின் மேல் இருக்காது, கொடுத்தவர் முகத்தின் மேல் இருக்கும். மகள் பிறந்த அன்று துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதுகூட அவர் கட்டைவிரல் துணியின் விளிம்பில் ஓடியதாகவும், "பின்னாடி என்ன சார் தேடறீங்க, சீல் ஏதும் குத்தி அனுப்பல" என்று ஆயாம்மா சொன்னதாகவும் அவருடைய மச்சான் ஒரு கதை வைத்திருக்கிறான். கதை பொய். ஆனால் கேட்டவர்களில் யாரும் அதை நம்பாமல் இருந்ததில்லை.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தெருவில், டீக்கடையில், உறவுக்காரர்கள் மத்தியில் எல்லாருக்கும் செக்கர். உயரம் குறைவு, பாதம் சின்னது, நடக்கும்போது சத்தம் வராது. பெட்டிக்குள் அவர் நுழைந்தது பயணிகளுக்குத் தெரிவதற்கு முன்பே பயணிகளில் யாருக்கு வியர்க்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் திறமை வீட்டுக்குள் வந்ததுதான் வினை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வர நேரமானால் ஏன் லேட் என்று செக்கர் கேட்கமாட்டார். "பஸ்ல கூட்டமோ" என்பார். அவள் அசதியில் ஆமாம் என்பாள். "இன்னைக்கு பஸ் ஸ்ட்ரைக்காச்சே" என்பார். ரயிலில் இந்த உத்திக்கு விழாத ஆள் கிடையாது. வீட்டில் சில வருஷம் விழுந்தது, பிறகு ஒரு நாள் விழவில்லை. "நான் உங்க ரயில்ல டிக்கெட் இல்லாம ஏறினவ இல்ல" என்று சொல்லிவிட்டு, மகளையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு அவள் ஊரின் மறுபக்கத்தில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டாள். செக்கர் பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு ஓர் ஒற்றை அறைக்கு மாறினார்.

கோர்ட்டு, வக்கீல் என்று யாரும் போகவில்லை. அவளுடைய தம்பி, அதாவது மச்சான், பைக் மெக்கானிக், நடுவில் நின்று பேசி ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுத்தான்: சனிக்கிழமை. காலையில் பெண்ணைக் கொண்டுவந்து விடுவது, பொழுது சாய்வதற்குள் கூட்டிப் போவது. வாய்வார்த்தை ஏற்பாடு, எந்த வாரம் வேண்டுமானாலும் நின்றுபோகலாம். செக்கர் கெஞ்சிக் கூத்தாடித் தன் வார விடுமுறையைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். மற்ற நாட்களெல்லாம் அவருக்கு எக்ஸ்பிரஸ் நிற்காத சின்ன ஸ்டேஷன்கள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே ஓடின.

மகளுக்கு மிளகு என்று பெயர் வைத்தவனும் மச்சான்தான். சின்ன உருவம், கறுப்புக் கண், கடித்தால் காரம். முதல் சில சனிக்கிழமைகளில் அப்பனும் பெண்ணும் அந்த ஒற்றை அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, காத்திருப்போர் அறையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரைப் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தேவதைகளுக்கு வீடு கட்ட வேண்டும்.

"தேவதை எவ்வளவு பெருசு?" என்று கேட்டார் செக்கர்.

"உன் கட்டைவிரல் அளவு."

"டிக்கெட் எடுத்துட்டு வருமா?"

"அது பறந்து வருதுப்பா."

"பறந்து வந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான்."

"உன்னை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் அதெல்லாம் வர்றதில்ல" என்றாள் மிளகு.

சட்டதிட்டங்கள் கடுமையாக இருந்தன. ஆணி கூடாது, பிளாஸ்டிக் கூடாது, பசை கூடாது. எதையும் பறிக்கக் கூடாது. தானாக விழுந்ததைத்தான் எடுக்கலாம். பறித்ததை வைத்துக் கட்டினால் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்குமாம், தேவதை வாசலோடு திரும்பிவிடுமாம். செக்கருக்கு விதிகள் என்றால் ஒரு மரியாதை உண்டு. மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில்சுவருக்கும் நடுவில் ஒரு மரம் நின்றது. அதன் இரண்டு வேர்கள் தரையை விட்டு மேலே எழும்பி, முட்டி மடக்கி உட்கார்ந்தவனின் கால்களைப் போல நீண்டிருந்தன. அந்தக் கால்களுக்கு நடுவில்தான் மனை. வேர்களே இரண்டு பக்கச் சுவர். பின்சுவருக்குச் சுள்ளிகளை ஒரே அளவில் ஒடித்து வரிசையாக மண்ணில் ஊன்றினார்கள். கூரைக்கு மரம் தானே உதிர்த்த பட்டை. முதல் வீடு செக்கர் போட்ட ஒரு தும்மலில் விழுந்தது. இரண்டாவது வீட்டை எறும்புகள் வளைத்துக்கொண்டன. மூன்றாவதுக்கு அஸ்திவாரமாகக் கூழாங்கற்கள் பதித்து, தரையை ஈரக் களிமண்ணால் மெழுகி, காய்ந்த பாசியை விரித்தார்கள். காலி நத்தை ஓடு புகைபோக்கி. பிளந்த நெற்று ஒன்று குளியல் தொட்டி. புறா இறகு திரைச்சீலை. அந்த வீடு நின்றது.

வேலை நாட்களிலும் செக்கரின் கண் தரைக்கு இறங்கியது. வண்டி நிற்கும் இடைவெளியில் பிளாட்பாரத்து மரங்களின் கீழே குனிந்து எதையாவது பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். "செக்கர் சார் பாக்கெட்ல என்ன, சருகா? அபராதம் கட்டக் காசில்லாதவன் இலையைக் குடுத்துட்டுப் போயிட்டானா?" என்று ரயில் கார்டு கிண்டல் செய்தார். செக்கர் சிரித்தார். அவர் சிரித்ததைக் கார்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நாலு பேரிடம் சொன்னார்.

பிறகு அந்த ஏணி வந்தது.

மிளகு அதை வீட்டிலேயே செய்து, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இனிமேல் கட்டப்போகும் மாடிக்கு ஏற ஏணி. செக்கர் வாங்கினார், விளிம்பில் விரல் ஓடியது, திருப்பினார்.

மகள் போடும் முடிச்சு அவருக்குத் தெரியும். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் சந்தேகத்துக்கு இன்னொரு முடிச்சு, இரண்டு பக்கமும் புழு மாதிரி நெளியும் வால். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. இந்த ஏணியில் நார் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக முறுக்கித் தட்டையாகப் படிந்திருந்தது. வால்கள் எல்லாம் ஒரே நீளத்தில் நறுக்கப்பட்டிருந்தன. சுள்ளிகளின் நுனியும் ஒடித்தது அல்ல, ஏதோ கூரான ஒன்றால் சாய்வாக வெட்டியது. பென்சில் சீவ பிளேடுகூட மகள் கையில் கொடுக்காதவள் அவள் அம்மா.

"யாரு கட்டினா?"

"நான்தான்."

கறுப்புக் கண் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. பெட்டியின் மறுகோடியில் நிற்கும் ஆளிடம் டிக்கெட் இல்லை என்பதை செக்கர் அந்தக் கண்ணசைவில்தான் கண்டுபிடிப்பார்.

அடுத்த வாரம் ஒரு கதவு வந்தது. நார் வளையத்தில் தொங்கி, திறந்து மூடும் கதவு. அதைப் பொருத்திக்கொண்டே மிளகு சொன்னாள்: "அவசரப்பட்டு இழுத்தா இறுகாதுப்பா. ஒரே சீரா இழுக்கணும். கை பதறக் கூடாது."

சொல் அவளுடையது அல்ல. பெரியவர் யாரோ பேசிய பேச்சு, குழந்தையின் வாயில் பெரியவர் சட்டை மாதிரித் தொங்கியது.

"யாரு சொன்னது?"

"நானே சொன்னேன். இப்பதான. உனக்குக் காது கேக்கலையா?"

அன்று பெண்ணைக் கூட்டிப்போக வந்த மச்சானை செக்கர் வாசலில் ஓரம் கட்டினார். "உங்க அக்கா வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றாங்களே. பால்காரர் வர்றார். கேஸ் போடறவர் வர்றார். நான் வர்றேன்."

"வேற?"

"மாமா, நான் பைக் ரிப்பேர் பண்றவன். மனுஷன் ரிப்பேர் எனக்குத் தெரியாது. வண்டிய எடுக்கறேன், வழி விடுங்க."

நேர்ப் பதில் இல்லை. நேர்ப் பதில் சொல்லாதவனைப் பற்றி செக்கருக்கு ஒரே முடிவுதான் உண்டு. ஒருவன் வருகிறான். கை பதறாதவன், கூரான கத்தி வைத்திருப்பவன், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக முடிச்சுப் போடச் சொல்லித்தருகிறவன். இன்றைக்கு ஏணி, நாளைக்குக் கதவு. அப்படியே ஒரு நாள் வீடே அவன் கட்டியதாகிவிடும். சனிக்கிழமைக்கு அப்பாவிடம் போவானேன் என்று யாராவது ஒருவர் கேட்பார், மற்றவர்களுக்கும் அது நியாயமாகப்படும். மனைவி போனதை அவர் எப்படியோ விழுங்கிவிட்டார். சனிக்கிழமை போனால் விழுங்க முடியாது.

அந்த வாரம் டியூட்டி முடிந்ததும் சாயங்காலத்தில் அவர் மனைவி இருந்த தெருவுக்குப் போனார். எதிர்ப்பக்கத்தில் எப்போதோ மூடிவிட்ட ஒரு கடை. ஷட்டரில் துரு, மேலே தகரச் சரிவு, அதன் கீழே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இருட்டு. அங்கே நின்றார். அவள் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. மிளகின் தலை ஜன்னலைக் கடந்தது, திரும்பவும் கடந்தது. யாரும் வரவில்லை. மறுநாளும் போனார். அடுத்த நாளும். மாடி வீட்டு அம்மா ஒருத்தி துணி எடுக்க வந்தவள் அவரையே பார்த்தாள். செக்கர் கடையின் பெயர்ப் பலகையைப் படிப்பதுபோல அண்ணாந்தார். பலகையில் எழுத்து எப்போதோ அழிந்திருந்தது. அவள் பாதி காயாத துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நடுவில் ஒரு நாள் வண்டி வழியிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டதால் போக முடியவில்லை. அதன் பிறகு அலுப்பும் வெட்கமும் சேர்ந்துகொண்டன. நாமே ஏதோ கற்பனை செய்துகொள்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மிளகு ஓர் அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பைக்கிலிருந்து இறங்கினாள். உள்ளே பாசி மெத்தை போட்ட கட்டில், இரண்டு விதை நாற்காலிகள், ஓர் ஊஞ்சல். "பாருப்பா, பாரு" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். செக்கர் பார்த்தது பெட்டியை. திருப்பினார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் அச்சடித்திருந்தது: ஆண்கள், கறுப்பு, தோல், 9.

செக்கர் போடுவது ஆறு. மச்சான் பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் போட்டவன் அல்ல.

"இந்தப் பெட்டி ஏது?"

"வீட்ல இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. இதுவரைக்கும் முகம் இல்லாமல் இருந்தவனுக்கு இப்போது பாதம் வந்துவிட்டது, அதுவும் பெரிய பாதம். மனசுக்குள் அவனுக்கு ஒன்பதாம் நம்பர் என்று பெயர் வைத்தார்.

அன்றிலிருந்து ரயிலில் அவர் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். டிக்கெட்டை வாங்கும்போதே கண் பாதத்துக்குப் போய்விடும். ஏழு, எட்டு, எட்டு, ஏழு. ஊரில் இத்தனை ஆண்களுக்குச் சின்னக் காலா என்று அவருக்கே ஆச்சரியம். ஒரு நாள் ஜன்னலோரம் ஆஜானுபாகுவான ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கழற்றிப்போட்ட கறுப்பு ஷூ சீட்டுக்கு அடியில் கிடந்தது. செக்கர் குனிந்து அதன் நாக்கைத் தூக்கி நம்பர் பார்க்கும்போது அந்த ஆள் விழித்துக்கொண்டார்.

"என்ன சார், ஷூவுக்குத் தனி டிக்கெட் எடுக்கணுமா?"

"எங்க இறங்கறீங்க?"

அவர் சொன்ன ஊர் பல மணி நேரத்துக்கு அப்பால் இருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "பதினொண்ணாம் நம்பருங்க. கடையில கிடைக்காது, சொல்லித்தான் தைக்கிறோம். உங்களுக்கு வேணும்னா விலாசம் தர்றேன்" என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. செக்கர் அடுத்த பெட்டிக்குப் போய்க் கதவோரம் நின்று காற்று வாங்கினார்.

அடுத்த சனிக்கிழமை ஊஞ்சலை மாட்டும் வேலை. கூரைக்கு வெளியே நீண்டிருந்த சுள்ளியில் மிளகு நாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. செக்கர் கூழாங்கல் ஒன்றை மண்ணில் அழுத்திக்கொண்டே, பஸ் கூட்டத்தைப் பற்றிக் கேட்ட அதே குரலில் சொன்னார்:

"அந்த அங்கிள் நல்லாத்தான் கட்டறாரு. ஊஞ்சலும் அவர்தானா?"

மிளகின் கை நின்றது. "எந்த அங்கிள்?"

"அதான்மா. பெரிய ஷூ போட்டுக்குவாரே."

குழந்தையின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. வாய் திறந்தது. தயாராக வைத்திருந்த வாக்கியம் ஒன்று உதடுவரைக்கும் வந்தது, எதிரில் இருப்பவரைப் பார்த்தது, திரும்பி உள்ளே போனது. செக்கர் அதைத் தெளிவாகப் பார்த்தார். சொல்லிக்கொடுத்த பொய் இப்படித்தான் திக்கும்.

"சொல்லு. அப்பாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"வேற யார் கேட்டாலும் சொல்லிடுவேன். உன்கிட்ட மட்டும் சொல்ல முடியாது."

அவள் ஊஞ்சலை அவிழ்த்தாள். கட்டிலையும் நாற்காலிகளையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மடியில் பெட்டியோடு வாசல் படியில் உட்கார்ந்து, மாமாவின் பைக் வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை.

அடுத்த வாரம் பைக் வந்தது. பின் சீட்டில் யாரும் இல்லை. மச்சான் இஞ்சினை அணைக்காமலே பேசினான்.

"வரலைங்குது."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் குதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இங்க வரமாட்டாளாம். என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"நீங்க ஒருத்தர்கிட்ட ஒண்ணும் கேக்காம இருந்தீங்கன்னா அத பேப்பர்ல போடணும் மாமா."

"உங்க அக்கா தடுத்துட்டாளா?"

"அக்காவா? அது கத்திக் கத்தித் தொண்ட வத்திப்போச்சு, போடி, அப்பா காத்திருப்பாருன்னு. புள்ள கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு." அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "நான் பேசி வாங்கிக் குடுத்தது அக்காகிட்டதான். புள்ளகிட்ட நான் பேச முடியாது. இப்படியே ரெண்டு மூணு வாரம் போச்சுன்னா பழகிடும். அப்புறம் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமைதான், பாத்துக்கங்க."

செக்கர் பின்பக்கம் போனார். கூரைப் பட்டை காற்றில் விலகியிருந்தது. நேராக்கப் போனார், ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் தூக்கியது. எந்த இடத்தில் எந்தக் கல்லை முட்டுக் கொடுப்பது என்பது மிளகுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே குந்தியிருந்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, சட்டையை மாற்றாமல், பட்டப்பகலில் அந்தத் தெருவுக்குப் புறப்பட்டார்.

ஒன்பதாம் நம்பர் வாசலில் இருந்தது.

கறுப்புத் தோல், பெரிய ஜோடி, கதவுக்குப் பக்கத்தில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல. செக்கர் சண்டை போடுவதா, திரும்பிப் போய்விடுவதா என்று தெரியாமல் நின்றார். கை மட்டும் தன் வேலையைத் தானே செய்தது. குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிற்று.

அடிப்பாகம் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒட்டிய தூசி இல்லை. சேறு இருந்தது, ஆனால் மேலேயும் பக்கத்திலும்தான். அந்தச் சேற்றில் சின்ன விரல்களின் தடம் இருந்தது. உலகத்தில் ஓர் அடிகூட நடக்காத ஷூ.

கதவு திறந்தது. மனைவி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

"போட்டுப் பாருங்களேன். அளவு சரியா இருந்தா எடுத்துக்கங்க."

"யாரோடது?"

"வாசலோடது."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தனியா இருக்கற பொம்பளைங்க வாசல்ல இப்படி ஒண்ணு போட்டு வைக்கறதுதான். எங்க ஆஸ்பத்திரியில பாதிப் பேர் வீட்ல இருக்கு. வாங்கினா பெருசா வாங்குன்னு சொன்னாங்க. தினம் இடம் மாத்தி வைக்கறது, சேறு பூசறது எல்லாம் உங்க பொண்ணோட வேலை."

"இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு?"

"எதிர்ல, அந்த மூடின கடைகிட்ட, சாயங்காலமானா ஒரு ஆள் வந்து நிக்கறானாம். மேல் வீட்டம்மா பாத்திருக்காங்க. இந்த வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கறானாம்."

செக்கர் ஷூவைக் கீழே வைத்தார். எடுத்த இடத்திலேயே, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக வைத்தார். எதிரில் தகரச் சரிவின் கீழே பகலிலும் கொஞ்சம் இருட்டு மிச்சமிருந்தது.

"இனிமே அவன் வரமாட்டான்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆயிரம் பேரிடம் அவர் கேட்ட கேள்வி. பதில் தேடுகிறவன் கண் எங்கெல்லாம் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். தன் கண் அங்கெல்லாம் ஓடுவதும் தெரிந்தது. "தெரியும்" என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

பிறகு, "யாராவது இந்த ஷூவைப் பத்திக் கேட்டா, 'எங்க அப்பாவோடது'ன்னு சொல்லணும்னு அவளுக்குச் சொல்லி வச்சிருந்தேன்" என்றாள். "கடைக்காரர் கேட்டப்பவும் அப்படித்தான் சொன்னா. கேஸ்காரர் கேட்டப்பவும் அப்படித்தான் சொன்னா. நீங்களே போய் அவகிட்ட கேப்பீங்கன்னு நான் நினைக்கல."

செக்கர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்த கதவு வழியாக அவருக்கு ஒரு நாற்காலியின் கால் தெரிந்தது. கால் நெடுகிலும் நூல் முடிச்சுகள், வரிசை வரிசையாக, தட்டையாக, வால்களெல்லாம் ஒரே நீளத்தில்.

"இது?"

"ஆபரேஷன் தியேட்டருக்கு மாத்திட்டாங்க. தையல் போடும்போது கூட நிக்கணும், முடிச்சுப் போடத் தெரியணும். சாயங்காலம் உக்காந்து பழகுவேன். நான் நூல்ல பழகும்போது அவ பக்கத்துல உக்காந்து ஏணியில பழகினா. பழைய கத்தரிக்கோல் ஒண்ணு கொண்டுவந்தேன், என் கண்ணு முன்னாடி மட்டும் வெட்டலாம்னு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அவ."

"நான்தான் சொல்லாதேன்னேன். அது உங்க ரெண்டு பேரோட வீடு. அதுல என் கை இருக்குன்னு தெரிஞ்சா உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ."

"எப்போ மாத்தினாங்க?"

"நாம ஒண்ணா இருக்கும்போதே கேட்டு எழுதிக் குடுத்திருந்தேன். நான் எத்தனை மணிக்கு வந்தேன்னு பாப்பீங்க. என்ன வேலை பாத்துட்டு வந்தேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் அளவைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "உள்ளதான் இருக்கா. நீங்களே பேசுங்க. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறா."

கட்டில் தாழ்வானது. செக்கர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தால்தான் மிளகின் முகம் தெரிந்தது. அவள் சுவரோடு ஒட்டிப் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷூ விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மாவே சொல்லிட்டாங்க. நீ யார்கிட்டயும் சொல்லல."

அவள் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கூரை பறந்துபோச்சு. எனக்கு வைக்கத் தெரியல."

"அந்தச் சப்பைக் கல்ல அடியில வைக்கணும்" என்றது இருட்டு. பிறகு, "இனிமே கேள்வி கேப்பியா?"

"கேக்கமாட்டேன்."

"ஒண்ணுகூட?"

"பசிக்குதான்னு கேக்கலாமா?"

யோசனை நடந்தது. "அது கேக்கலாம்."

"தேவதைகிட்ட டிக்கெட்?"

"அதெல்லாம் என்னைக் கேட்டுட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு மிளகு முதலில் பெட்டியை வெளியே தள்ளினாள். அப்புறம் அவளும் வந்தாள், தலையெல்லாம் ஒட்டடையோடு.

இதோடு செக்கர் திருந்திவிட்டார் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மீதிச் சில்லறையோடு வரும் மிட்டாய் இன்றும் திரும்பத்தான் செய்கிறது. ஆனால் சனிக்கிழமை நிலைத்தது. வேர்களுக்கு நடுவில் இருந்த வீடு மாடி எடுத்து, பின்பக்கம் ஒரு கொட்டகையும் போட்டுக்கொண்டது. வாரநாளில் கட்டிய ஏதாவது ஒன்று பெட்டியில் வரும். "இது நான், இது அம்மா" என்று மிளகு பிரித்துச் சொல்வாள். நத்தை ஓட்டுக்குள் இறகைச் செருகிக்கொண்டே செக்கர் ஒரு நாள், "இன்னைக்கு தியேட்டர்ல என்ன ஆபரேஷனாம் உங்கம்மாவுக்கு" என்று கேட்டுவிட்டார். கேள்வி என்பது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மிளகு கொஞ்சம் யோசித்து, "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்து, செக்கர் தன் பழைய சைக்கிளின் செயினை மாற்ற மச்சானின் பட்டறைக்குப் போயிருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த ஷூவில் வந்து நின்றது. மழையில் ஊறி ஒன்று வாய் பிளந்துவிட்டதாம்.

"அந்த ஷூ எதுக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றான் மச்சான், செயினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெருவுல நின்ன ஆள பயமுறுத்தறதுக்கு."

"அது உங்களுக்கும் புள்ளைக்கும் சொன்னது. எங்கிட்ட வாய திறக்கக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருந்துச்சு. இப்ப ஷூவே செத்துப்போச்சு, சொன்னா என்ன." கையைத் துணியில் துடைத்தான். "மேல் வீட்டம்மா போய்த் தெருவெல்லாம் சொல்லிட்டாங்க மாமா. நாலஞ்சு பேர் சேந்துட்டாங்க. அடுத்த தடவ வந்தா பிடிச்சு நல்லா கவனிச்சிட்டு அப்புறம் போலீஸ்ல குடுக்கறதுன்னு முடிவு. எனக்கும் சொல்லி அனுப்பினாங்க, தம்பியாச்சேன்னு. பெரிய ஸ்பேனர் ஒண்ண எடுத்துக்கிட்டு அந்தக் கடைக்குப் பின்னால நானும்தான் உக்காந்திருந்தேன். யாருன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு நீங்க வரல."

செக்கர் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா மொத நாளே ஜன்னல் வழியா பாத்திருச்சாம். நீங்க நிக்கற நிப்பு அதுக்குத் தெரியாதா? நாங்க உக்காந்திருக்கோம்னு காதுல விழுந்ததும் கடைக்கு ஓடிப்போய் இருக்கறதுலயே பெரிய ஷூவா வாங்கிட்டு வந்து வாசல்ல வச்சிச்சு. நேரா எங்ககிட்ட வந்து, எங்க பெரியண்ணன் வெளியூர்லேர்ந்து வந்துட்டாரு, வந்து நிக்கற ஆள அவரே பாத்துப்பாரு, நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நானும் ஆமான்னு தலைய ஆட்டினேன். எங்களுக்கு ஒரு அண்ணன் இருக்கற விஷயம் எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்."